கொல்லிமலையிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை

"நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை வட்டாரத்தில் சிறுதானியச் சாகுபடி: ஓர் ஆய்வு." இப்படி ஒரு தலைப்போடு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்கிற மாணவர்கள் நிறையப் பேர். தலைப்பில் இடம் இருக்கிறது, பொருள் இருக்கிறது, கேள்வி இல்லை. கேள்வியில்லாமல் மலையேறினாலும் வினாத்தாள்கள் நிரம்பிவிடும், அட்டவணைகள் வந்துவிடும். கட்டுரை மட்டும் வராது. மூன்றாம் ஆண்டு முடிவில், கையில் ஒரு மூட்டைத் தரவோடு, இதில் என்ன சொல்வது என்று நெறியாளர் முன்னால் உட்கார வேண்டிவரும்.

கொல்லிமலையை இந்த அத்தியாயத்துக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மானிடவியலார், பொருளியலார், தாவரவியலார், தொலையுணர்வு வல்லுநர்கள் எனப் பல துறையினர் அங்கே வேலை செய்து எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். ஒரே மலையைப் பற்றிய அந்தக் கட்டுரைகளை அருகருகே வைத்துப் படித்தால், கட்டுரை எப்படி உருவாகிறது என்பதை எந்தப் பயிலரங்கை விடவும் தெளிவாகக் கற்றுக்கொள்ளலாம். வேறு மலையில், வேறு ஊரில் ஆய்வு செய்கிறவர்களும் இதை அப்படியே தங்கள் களத்துக்குப் பொருத்திக்கொள்ளலாம்.

முதலில் மலையின் நிலவரம். இங்கே வாழ்கிற மலையாளிப் பழங்குடியினரின் சாப்பாடு நெடுங்காலமாகச் சாமை, தினை, கேழ்வரகு, பள்ளத்து வயல்களில் விளையும் நெல். சில பத்தாண்டுகளுக்குள் சரிவு நிலங்களில் பெரும்பகுதியை மரவள்ளி பிடித்துக்கொண்டது. மலையில் அதைக் குச்சிக்கிழங்கு என்பார்கள். சேலம், நாமக்கல் பக்கத்து ஸ்டார்ச் ஆலைகளும் ஜவ்வரிசி ஆலைகளும் அதை வாங்கிக்கொள்கின்றன. சேலத்தில் ஆலைக்காரர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981-இல் தொடங்கியது என்றால், அந்தத் தொழில் அதற்குள் எவ்வளவு வளர்ந்திருந்தது என்பது தெரியும். உணவுப் பயிர் போய்த் தொழிற்சாலைப் பயிர் வந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரியிலிருந்து எத்தனை கேள்விகள் கிளைத்தன என்று பாருங்கள்.

கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் எலிசபெத் ஃபின்னிஸ் 2006-இல் 'அமெரிக்கன் ஆந்த்ரோபாலஜிஸ்ட்' இதழில் எழுதிய கட்டுரை, பணப்பயிரை ஏன் பயிரிடுகிறார்கள் என்று கேட்டது. சந்தை தள்ளியதால் விவசாயி விழுந்தார் என்ற வழக்கமான கதைக்கு அவர் போகவில்லை. குடும்பங்கள் தாமே எடைபோட்டு எடுத்த முடிவாக அதைப் பார்த்தார். கியோம் க்ருயேர், லதா நாகராஜன், இஸ்ரேல் ஆலிவர் கிங் மூவரும் 2009-இல் 'ஃபுட் பாலிசி' இதழில் வெளியிட்ட கட்டுரை வேறு கேள்வியைக் கேட்டது: சந்தையே இல்லாத ஒரு பயிருக்குச் சந்தை உண்டாக்க வேண்டுமானால் கூட்டுச் செயல்பாடு எங்கே உதவும்? காட்டுப் பக்கம் போனால், சிட்டிபாபுவும் பார்த்தசாரதியும் 2000-இல் 'பயோடைவர்சிட்டி அண்ட் கன்சர்வேஷன்' இதழில் எழுதினார்கள். மனிதர் கைபட்ட பசுமைமாறாக் காட்டில் மரவகைகள் எப்படிக் குறைந்திருக்கின்றன என்பது அவர்கள் கேள்வி. ஜெயக்குமார், ஆரோக்கியசாமி, பிரிட்டோ ஆகியோர் 2002-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில், தொலையுணர்வையும் புவித்தகவல் முறையையும் கொண்டு கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைக் காப்பது பற்றி எழுதினார்கள்.

இந்த நான்கு தலைப்புகளையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எதிலும் கொல்லிமலை முதலில் வராது. மூன்றில் கடைசியில் வருகிறது. 'ஃபுட் பாலிசி' தலைப்பில் மலையின் பெயரே இல்லை, தென்னிந்தியா என்று மட்டும் இருக்கிறது. எழுதியவர்கள் மலையைக் குறைத்து மதிப்பிட்டதாக நினைக்க வேண்டாம். உலகின் வேறு மூலையில் இருக்கும் வாசகர் தன் ஊர்ப் பிரச்சினையோடு பொருத்திப் பார்க்கத் தக்க ஒரு கேள்வியை முன்னால் வைத்தார்கள், அதற்குப் பதில் தேடிய இடமாக மலையைப் பின்னால் வைத்தார்கள். உங்கள் தலைப்பையும் இப்படித் திருப்பி எழுத முடிகிறதா என்று மலையேறுவதற்கு முன்பே சோதியுங்கள். முடியவில்லை என்றால் இன்னும் ஒரு மாதம் நூலகத்தில் உட்காருங்கள். அந்த மாதம் வீணாகாது.

களத்தில் எழுதுவது

கட்டுரை எழுதும் வேலை ஊருக்குத் திரும்பிய பிறகு தொடங்குவதில்லை. மலையிலுள்ள செம்மேட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இரவுகளிலேயே தொடங்கிவிடுகிறது. மாதிரிக்கு ஓர் உரையாடலை வைத்துக்கொள்வோம். வயதான ஒரு பெண்மணியிடம் ஆய்வு மாணவி பேசுகிறார்.

"ஆயா, இந்த வருசம் சாமை போட்டீங்களா?"

"போட்டோம் கண்ணு, ஊட்டுக்கு மட்டுந்தான். மிச்சமெல்லாம் குச்சிக்கிழங்கு."

"ஏன் ஆயா கொறச்சிட்டீங்க?"

"குத்தறது யாரு?"

கையிலிருக்கும் வினாத்தாளில் 'சாமைப் பரப்பு குறைந்ததற்குக் காரணம்' என்ற கேள்விக்கு நான்கு கட்டங்கள்: விலை, மழை, ஆள் பற்றாக்குறை, பிற. மாணவி 'ஆள் பற்றாக்குறை' கட்டத்தில் டிக் போடுகிறார். அந்த இடத்திலேயே கட்டுரை கைநழுவிவிட்டது. ஆயா சொன்னது காட்டு வேலைக்கு ஆள் கிடைக்காததைப் பற்றி அல்ல. சாமை அரிசியின் மேல் உமி இறுக்கமாக ஒட்டியிருக்கும், உரலில் இட்டு உலக்கையால் குத்திப் புடைத்தால்தான் சோறாகும். அந்த வேலை முழுதும் பெண்கள் தலையில். மகள் வெளியூரில் படிக்கிறாள், மருமகள் கூலிக்குப் போகிறாள், அப்படியானால் குத்துவது யார்? பயிர் காணாமல் போனதற்கு வயல் காரணமா, அடுக்களை காரணமா என்ற கேள்வி அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. 1988-இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியத்துக்காகச் செய்த வேலைகளில் உமி நீக்கும் அரவை இயந்திரங்களை ஊர்களில் வைத்ததும் ஒன்று. விதையும் விலையும் மட்டும் போதாது, உலக்கையையும் கவனிக்க வேண்டும் என்று கண்டதன் விளைவு அது.

எனவே வினாத்தாளோடு ஒரு நோட்டும் இருக்கட்டும். இடப்பக்கத்தில் அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே, அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். வலப்பக்கத்தில் உங்கள் எண்ணம். இரண்டையும் கலக்காதீர்கள், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எது யாருடையது என்று தெரியாமல் போகும். தேதி, நேரம், ஊர், பேச்சின்போது உடன் இருந்தவர்கள் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கணவர் பக்கத்தில் இருக்கும்போது ஒரு பெண் சொல்லும் காரணமும், தண்ணீர் எடுக்கும் இடத்தில் சொல்லும் காரணமும் வேறு வேறாக இருக்கலாம். கட்டுரையில் அந்த வேறுபாடே ஒரு கண்டுபிடிப்பாக அமையலாம். அன்றன்று இரவே தட்டச்சு செய்துவிடுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவு இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்படும் பதிவுகள் பெரும்பாலும் கேட்கப்படாமலே கிடக்கும்.

அளவுகளில் கவனம் வேண்டும். விதையையும் விளைச்சலையும் வள்ளக் கணக்கிலோ படிக் கணக்கிலோ சொல்வார்கள். ஒரு படிச் சாமையும் ஒரு படிக் கேழ்வரகும் ஒரே எடை இருக்காது. புத்தகத்தில் பார்த்த வாய்பாட்டை வைத்துக் கிலோவாக மாற்றாமல், அந்த ஊரில் புழங்கும் படியையே வாங்கி அந்தத் தானியத்தை நிரப்பித் தராசில் நிறுத்துக் குறியுங்கள். 'ஆய்வு முறை' பகுதியில் இதைச் சொல்ல ஒரே வரி போதும். விளைச்சல் புள்ளிவிவரத்தை மதிப்பீட்டாளர் நம்புவதும் நம்பாததும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ரகங்களின் பெயருக்கும் இதே கவனம் தேவை. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, செந்தினை, பெருந்தினை, சுருட்டைக் கேழ்வரகு என்று மலையில் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஆங்கிலக் கட்டுரைகளில் இவற்றை ரோமன் எழுத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பதால் இரண்டு கட்டுரைகள் ஒரே ரகத்தைப் பேசுகின்றனவா என்பதே சில சமயம் புலப்படாது. உங்கள் அட்டவணையில் தமிழ் எழுத்திலும் பெயரைக் கொடுங்கள், பல இதழ்கள் அதை ஏற்றுக்கொள்கின்றன. செடி சார்ந்த ஆய்வானால் உலர்மாதிரி எடுத்து ஓர் உலர்தாவரகத்தில் வைத்து, அதன் எண்ணைக் கட்டுரையில் குறிப்பிட வேண்டும். திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகமும் கோவையிலுள்ள இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தெற்கு மையமும் கொல்லிமலைக்கு அருகில் இருப்பவை. தமிழகத் தாவரங்களைப் பற்றிய கே.எம். மாத்யூவின் பெரும்பணி ராபினாட்டில்தான் நடந்தது. அங்கே போய் ஒரு நாள் முழுக்கப் பழைய மாதிரிகளைப் பார்ப்பது பத்துக் கட்டுரை படிப்பதற்குச் சமம்.

பெயரை மறைப்பது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'தகவலாளர் பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்று எழுதிவிட்டு, ஊர் பெயர், வயது, கணவரை இழந்தவர், இரண்டு ஏக்கர், அரவை இயந்திரக் குழுத் தலைவி என்று விவரம் கொடுத்தால் மறைத்ததாக ஆகாது. நாற்பது வீடுகள் உள்ள ஊரில் அது யாரென்று குழந்தைக்கும் தெரியும். ஊர் பெயரை எடுத்துவிட்டு நாட்டின் பெயரை மட்டும் சொல்லலாம். கொல்லிமலையில் வளப்பூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று நாடுகளாகப் பிரித்துச் சொல்லும் வழக்கம் இருப்பதால் இது இயல்பாகவே பொருந்தும். கோயில்காடுகளின், அரிய மூலிகைகளின் ஜி.பி.எஸ். அளவுகளைத் துல்லியமாக அச்சிடாதீர்கள். மூலிகை வியாபாரிகளும் ஆய்விதழ் படிக்கிறார்கள்.

அனுமதிகள்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதைத் தள்ளிப்போட்டவர்களின் கட்டுரைகள் கடைசிக் கட்டத்தில் நின்றுபோகின்றன. காப்புக்காட்டுக்குள் நுழைந்து எதையாவது எடுக்க வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். மனிதரிடம் உடல்நலம், உணவு பற்றித் தகவல் திரட்டினால் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் பழங்குடியினருக்குத் தனிக் கவனம் கேட்கின்றன. தேதி முக்கியம்: களப்பணிக்குப் பிறகு வாங்கிய ஒப்புதலை இதழ்கள் ஏற்பதில்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர் பெருக்கச் சட்டப்படி, வெளிநாட்டு ஆய்வாளரோடு சேர்ந்து உயிரியல் வளங்களில் வேலை செய்வதும், விதைப் பொட்டலம் ஒன்றை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதும், கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்பதும் சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் வரம்புக்குள் வருகின்றன. கட்டுரை வெளியிடுவதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. நீங்கள் போகிற ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைச் சந்தித்துப் பேசிவிட்டு வேலையைத் தொடங்குவது மரியாதையும்கூட.

எழுதும் வரிசை

முன்னுரையிலிருந்து எழுதத் தொடங்குகிறவர்கள் முன்னுரையிலேயே நின்றுவிடுகிறார்கள். கொல்லிமலை பற்றி மாணவர் எழுதும் முன்னுரை எப்படி இருக்கும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும்: கிழக்குத் தொடர்ச்சி மலையில் எழில் கொஞ்சும் இடம், கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட நாடு, காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள், அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை. எல்லாம் உண்மை, எதுவும் சாமைக் கட்டுரைக்கு வேண்டியதில்லை. மலையின் உயரமும் மழையும் சரிவும்கூட உங்கள் வாதத்துக்குப் பயன்பட்டால் மட்டும் வரட்டும். வளைவுகள் ஒரு விஷயத்தில் வேண்டியிருக்கலாம்: கிழங்கு லாரி கீழே இறங்க ஆகும் வாடகையை நீங்கள் கணக்கில் எடுத்திருந்தால்.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. 'ஆய்வு முறை' பகுதியை மலையிலேயே, நினைவு பசுமையாக இருக்கும்போது எழுதிவிடுங்கள். ஊர்களை எப்படித் தேர்ந்தீர்கள், யார் பேச மறுத்தார்கள், எந்த மாதம் போனீர்கள் என்பதெல்லாம் ஒரு வருடம் கழித்து நினைவிருக்காது. திரும்பியதும் கட்டுரையின் உயிரான ஒரே ஓர் அட்டவணையையோ படத்தையோ முதலில் உருவாக்குங்கள். அதைச் சுற்றி 'முடிவுகள்', பிறகு 'விவாதம்', பிறகு முன்னுரை, கடைசியில் சுருக்கம். ஆங்கிலத்தில்தான் வெளியிடப் போகிறீர்கள் என்றாலும், வாதத்தை முதலில் தமிழில் ஒரு நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். உங்கள் துறையில் இல்லாத நண்பராக இருந்தால் இன்னும் நல்லது. எங்கே அவர் "அதனால என்ன?" என்று கேட்கிறாரோ, அங்கே ஒரு பத்தி குறைகிறது என்று பொருள்.

சுருக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு வார்ப்பு தருகிறேன். எண்களுக்கான இடத்தை உங்கள் தரவு நிரப்பட்டும்:

"உணவுப் பயிர்கள் வழக்கொழிவதற்கு விலையும் மழையும் காரணமாகப் பேசப்படுகின்றன, பதப்படுத்தும் உழைப்பு அதிகம் ஆராயப்படவில்லை. உமி நீக்கும் இயந்திரம் வந்த ஊர்களில் சாமைப் பரப்பு நிலைத்ததா என்று கேட்டோம். கொல்லிமலையில் இயந்திரம் உள்ள இத்தனை ஊர்களையும் இல்லாத இத்தனை ஊர்களையும் இரண்டு பருவங்கள் ஒப்பிட்டோம். வேறுபாடு இவ்வளவு. எனவே, பெண்களின் வீட்டு உழைப்பைக் கணக்கில் எடுக்காத பயிர்க் காப்புத் திட்டம் இந்த இடத்தில் தடுமாறும்."

ஐந்து வாக்கியம். தெரியாதது, கேட்டது, செய்தது, கண்டது, அதனால் என்ன. இதற்கு மேல் ஒரு வாக்கியம் சேர்க்க ஆசை வந்தால் அது பெரும்பாலும் 'மேலும் ஆய்வுகள் தேவை' என்பதாகத்தான் இருக்கும், அதை விட்டுவிடுங்கள்.

பிறர் எழுத்தை எடுத்தாள்வதில் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதி தெளிவாக இருக்கிறது: ஒத்திருப்பு பத்து விழுக்காடு வரை தண்டனை இல்லை, அதற்கு மேல் நாற்பது, அறுபது என்று படிகள் ஏறும், தண்டனையும் ஏறும். ஆனால் எண்ணைக் குறைக்க வாக்கியத்தை முறுக்கி மாற்றுகிற பழக்கம் கட்டுரையைக் கெடுக்கும். பிறர் கட்டுரையை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள், ஒத்திருப்பு தானே குறையும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆங்கிலம் திருத்தப் பயன்படுத்தினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 முதல் பல இதழ்கள் கேட்கின்றன. கருவியை ஆசிரியராகப் போட முடியாது. களக்குறிப்பை அதில் போட்டுச் சுருக்கச் சொல்வதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். ஆயா உங்களை நம்பிச் சொன்னது அது. "குத்தறது யாரு?" என்பதை அந்தக் கருவியும் 'ஆள் பற்றாக்குறை' ஆக்கிவிடக்கூடும்.

எந்த இதழுக்கு அனுப்புவது

மேலே சொன்ன நான்கு கட்டுரைகளும் நான்கு வெவ்வேறு வாசகர் கூட்டத்துக்குப் போயின. உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். எந்த இதழ் அதில் திரும்பத் திரும்ப வருகிறதோ, அந்த உரையாடலில்தான் நீங்கள் இருக்கிறீர்கள், அங்கே அனுப்புங்கள். கட்டணம் கட்ட வழியில்லை என்று யாரும் சோர்ந்துபோக வேண்டாம். 1932 முதல் வரும் 'கரண்ட் சயின்ஸ்' ஆசிரியரிடம் கட்டணம் வாங்குவதில்லை. கோவையிலிருந்து வரும் 'ஜர்னல் ஆஃப் த்ரெட்டண்ட் டாக்ஸா', ஒரு மலையின் தாவர, விலங்குப் பட்டியல்களுக்கும் இடம் தருகிறது, உலகம் முழுக்க இலவசமாகவும் படிக்கக் கிடைக்கிறது.

'மூன்று நாளில் ஏற்பு, சான்றிதழ் உண்டு, வாட்ஸ்அப்பில் தொடர்பு கொள்ளவும்' என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். அப்படிப்பட்ட ஓர் இதழில் போட்ட கட்டுரையைத் திரும்பப் பெறுவது அநேகமாக இயலாது, அதே தரவை நல்ல இதழுக்கும் அனுப்ப முடியாது. இரண்டு பருவத்து உழைப்பு அங்கேயே புதைந்துபோகும். முன்பெல்லாம் ஏற்கத்தக்க இதழ்களின் யு.ஜி.சி. கேர் பட்டியலைப் பார்த்து முடிவு செய்தோம், 2025-இல் அந்தப் பட்டியலே கைவிடப்பட்டது. இனி நாமேதான் பார்க்க வேண்டும்: ஆசிரியர் குழுவில் இருப்பவர்களின் கட்டுரைகளைப் படித்திருக்கிறீர்களா, கடைசி இதழில் உங்கள் துறைக் கட்டுரை ஒன்றாவது முழுதாகப் படிக்கும் தரத்தில் இருக்கிறதா? இந்த இரண்டும் போதும். 2022-இன் யு.ஜி.சி. விதி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கியது. ஆனாலும் உங்கள் பல்கலைக்கழகம் தன் விதியில் அதை வைத்திருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படிக்கக் கட்டுரை கிடைக்கவில்லை என்ற பழைய குறை இப்போது ஓரளவு தீர்ந்திருக்கிறது. ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 2025 ஜனவரி முதல் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குப் பதின்மூவாயிரம் இதழ்கள் வரை திறந்திருக்கின்றன. உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் நாளைக்கே கேளுங்கள்.

மதிப்பீட்டாளரின் கடிதம் வரும். கொல்லிமலைக் கட்டுரைக்குப் பெரும்பாலும் வரும் குறை ஒன்று: மிகவும் உள்ளூர்த் தன்மையுடையது, பரந்த வாசகருக்கு என்ன பயன்? கோபம் வரும். அன்றைக்கே பதில் எழுதாதீர்கள். இந்தக் குறையில் பாதி நியாயம் இருக்கும், அந்தப் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள். மீதிப் பாதிக்கு இப்படிப் பதில் எழுதலாம்: "கொல்லிமலையை நாங்கள் தேர்ந்தது வசதிக்காக அல்ல. ஒரே உயரத்தில், ஒரே சமூகத்தில், இயந்திரம் உள்ள ஊரும் இல்லாத ஊரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மற்றக் காரணங்களை விலக்கிப் பார்க்க இங்கே முடிகிறது. இதை முன்னுரையின் இரண்டாம் பத்தியில் இப்போது விளக்கியுள்ளோம்." ஒவ்வொரு குறைக்கும் எண் போட்டு, கீழே பதில், எந்தப் பக்கத்தில் எந்த வரியில் மாற்றினீர்கள் என்ற குறிப்பு. உடன்படாத இடத்தில் ஆதாரத்தோடு உடன்படவில்லை என்று எழுதலாம், இதழாசிரியர்கள் அதை மதிக்கிறார்கள். மதிப்பீட்டாளர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் உங்கள் வாக்கியம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது, வாக்கியத்தை மாற்றுங்கள்.

பெயர் வரிசை

யார் பெயர் முதலில் என்ற பேச்சை மலையேறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளை இப்போது பிற துறைகளும் பின்பற்றுகின்றன: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு. நான்கும் சேர்ந்தால்தான் ஆசிரியர். துறைத்தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்ப்பது இதில் அடங்காது. மறுக்க முடியாத இடத்தில் இருக்கிற மாணவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை, அந்தச் சுமையை அவர் மேல் ஏற்றுகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். மறுபக்கம் ஒன்று அடிக்கடி மறக்கப்படுகிறது. மலையில் உங்களோடு நடந்து, ஊர்ப் பெரியவர்களிடம் உங்களுக்காகப் பேசி, ரகங்களை அடையாளம் காட்டி, உங்கள் கேள்விகளைத் திருத்தித் தந்த உள்ளூர் இளைஞரின் பெயர் எங்கே? வரைவை அவருக்குத் தமிழில் விளக்கி, அவர் கருத்தைக் கேட்டுச் சேர்த்து, இறுதி வடிவத்துக்கு அவர் ஒப்புதல் தந்து பொறுப்பும் ஏற்றால் நான்கு நிபந்தனையும் நிறைவேறும், அவர் ஆசிரியராகலாம். அவருக்கு விருப்பமில்லை என்றால் நன்றிப் பகுதியில் முழுப் பெயரோடு, என்ன செய்தார் என்பதோடு எழுதுங்கள்.

காலமும் பணமும்

சாமை கோடை மழைக்குப் பின் வைகாசி, ஆனியில் விதைப்பார்கள். அறுவடை புரட்டாசிக்கு மேல். வருடத்துக்கு ஒரு முறைதான். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. அதாவது நல்ல திட்டமிருந்தால் மூன்று பருவம் கிடைக்கும், ஆய்வுக்குழுக் கூட்டம், பாடநெறித் தேர்வு என்று ஒரு விதைப்பைத் தவறவிட்டால் ஒரு முழு ஆண்டு போய்விடும். பதிவு செய்த வாரத்திலேயே பல்கலைக்கழக நாள்காட்டியையும் பயிர் நாள்காட்டியையும் ஒரே தாளில் எழுதி நெறியாளரிடம் காட்டுங்கள். "ஐயா, ஆனி மாசம் நான் மலையில இருந்தாகணும்" என்று முன்கூட்டியே சொன்னால் மறுக்கிற நெறியாளர் குறைவு. அறுவடை நாட்களில் பகலில் யாரையும் உட்காரவைத்துப் பேட்டி எடுக்காதீர்கள். கூடவே அரிவாள் பிடியுங்கள், பேச்சு தானே வரும்.

2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. தொகை நல்லதுதான், மாதாமாதம் வருவதில்லை என்பதே சிக்கல். பல மாத நிலுவை சேர்ந்து ஒன்றாக வரும். எனவே களப்பணிச் செலவை உதவித்தொகையை நம்பிப் போடாதீர்கள், கையிருப்பு இருக்கிற மாதத்தில் போய்வருமாறு வேலையைப் பகுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகையே இல்லாமல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு ஆய்வு செய்கிறவர்கள் ஒரு மலையின் எல்லா நாடுகளையும் சுற்ற ஆசைப்பட வேண்டாம். இரண்டு ஊரை ஆழமாகப் பார்த்து எழுதிய கட்டுரை இருபது ஊரை மேலோட்டமாகப் பார்த்ததை விட நிற்கும்.

2022-இன் யு.ஜி.சி. விதிப்படி பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பும், இரண்டு ஆண்டு கூடுதல் காலமும் உண்டு. கேட்டு வாங்குங்கள், சலுகை என்று கூச வேண்டாம். மலையில் கடைசிப் பேருந்துக்குப் பிறகு நடக்க வேண்டிய ஊர்களுக்கு இருவராகப் போங்கள். முடிந்தால் ஏதாவது ஒரு வீட்டில் தங்குங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் அடுப்படியில் கிடைக்கும் தகவலுக்கு ஈடில்லை, விடுதியில் தங்குகிறவருக்கு அது கிடைக்காது.

எழுதும் நேரத்தைப் பற்றி ஒரே வார்த்தை: காலையில் கைப்பேசியைத் தொடுவதற்கு முன் ஒரு மணி நேரம். விடுமுறையில் உட்கார்ந்து ஒரேயடியாக எழுதிவிடலாம் என்ற திட்டம் எந்த மாணவருக்கும் பலித்து நான் பார்க்கவில்லை.

திரும்பக் கொடுப்பது

மலையில் இருப்பவர்கள் பலமுறை பேட்டி கொடுத்துச் சலித்தவர்கள். "போன தடவையும் இப்பிடித்தான் எழுதிக்கிட்டுப் போனாங்க, ஒண்ணுந் தெரியல" என்று யாராவது சொன்னால் அதைக் களக்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள், அது உங்களுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டது. கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன், கண்டதை இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, அடுத்த விதைப்புக்கு முன்னால் கொண்டுபோங்கள். ஊர்க் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். எண்களைச் சொல்லும்போது கிலோவோடு வள்ளக் கணக்கையும் சொல்லுங்கள். மறுப்புகள் வரும்: "அந்த வருசம் மழ இல்ல, அதான் கொறஞ்சிது", "மிஷினு ஆறு மாசமா ஓடல, நீங்க ஓடுதுன்னு எழுதியிருக்கீங்க". ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டு தரவைத் திரும்பப் பாருங்கள். மதிப்பீட்டாளர் கண்டுபிடிக்க முடியாத பிழைகள் இந்தக் கூட்டத்தில்தான் பிடிபடும், கட்டுரை வலுப்படும்.

படி ஒன்றை ஊராட்சியிலும், ஒன்றைப் பள்ளியிலும், ஒன்றை மகளிர் குழுவிலும் கொடுங்கள். ஆய்வேட்டிலும் அந்தத் தமிழ்ப் பக்கங்களைப் பின்னிணைப்பாகச் சேருங்கள். ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் சோத்கங்கா தளத்தில் உங்கள் ஆய்வேடு ஏறும்போது அவையும் ஏறும். அடுத்து மலைக்கு வரும் மாணவர் நீங்கள் எந்த ஊரில் எதைக் கேட்டீர்கள், ஊர் என்ன மறுத்தது என்று படித்துவிட்டு, வேறொரு கேள்வியோடு பேருந்து ஏறலாம்.